ஸஹாப்தீன் காக்காவின் பூனைச் சாக்கு

கிண்ணியாத் துறையில் 'பாதை' என்றால் மிதவை. லொறி, மாடு, நெல்மூட்டை, மணப்பெண் எதுவானாலும் அதில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். அதைக் கரையோடு அணைத்துக் கட்டுவது ஸஹாப்தீன் காக்காவின் உத்தியோகம். சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவருக்கிருந்தது. வேண்டாத பூனைகளை ஊரார் அவரிடம் கொடுப்பார்கள். தண்ணீர் தாண்டிய பூனைக்கு வீட்டு வழி தெரியாது. சாக்கில் போட்டுக் கொண்டுபோய், அக்கரை மீன்வாடிப் பக்கம் திறந்துவிடுவார்.

"கடலுக்குள்ள போட்டா லேசு. சீவனெல்லே!" என்பார்.

மனைவி மௌத்தான பிறகு, வீட்டில் அவரும் சீனி என்ற கிழட்டுப் பூனையும்தான்.

எழுபத்தாறாம் ஆண்டு வாடைக்காற்றுக் காலத்தில் ஊர்ப் பூனைகள் வாந்தியெடுத்துச் சாகத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பரீனாவின் குட்டிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. சீனி சாகவில்லை, எலும்பும் தோலுமாகிக் கண்ட இடத்தில் தண்ணீர் குடித்தது, கண்ட இடத்தில் நனைத்தது.

பரீனா வேலிக்கு மேலால் கேட்டாள்: "ஊராற்ற பூனையெல்லாம் கரை மாத்தினீங்க, காக்கா. வருத்தம் பரப்புற உங்கட பூனைய எப்ப மாத்தப் போறீங்க?"

மாடுகளுக்கு ஊசி போட வந்த என்னைக் காக்கா துறையிலேயே பிடித்துக்கொண்டார். எங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் பெரிய பட்டம் துறையில் 'மாட்டு டொக்டர்' என்று சுருங்கியிருந்தது.

"பூனை வருத்தமும் தெரியுமோ, டொக்டர் தம்பி?"

"வால் இருந்தாப் போதும், காக்கா. வாங்கோ."

சீனியின் வயிற்றைத் தடவினேன். சிறுநீரகங்கள் சுருங்கிக் கொட்டைப்பாக்குப் போல இறுகியிருந்தன.

"இது தொத்தாது. வயசான பூனைக்கு வாற சிறுநீரக வருத்தம். மாத்த ஏலாது. தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் சீவன் நிக்கும். தண்ணிச் சிரட்டை எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "எடுத்து ஒளிச்சிட்டன். தொழுகைப் பாயில மூத்திரம் பெய்யுது. குடிக்காட்டிப் பெய்யாதெண்டு நினைச்சன்."

"குடிக்கிறதால பெய்யேல்லை. பெய்யிறதாலதான் குடிக்குது."

அவசரமாகச் சிரட்டையில் தண்ணீர் வைத்தார். சீனி தலை நிமிராமல் குடித்தது.

"அப்ப மற்றப் பூனைகளைச் சாகடிச்சது என்ன?" என்றார்.

வேலியில் சாக்குக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலை பரீனாவின் வளவுக்குள் தொங்கியது. அதில் பூனை ரோமம்.

"இதில வருத்தக்காரப் பூனை ஏதும் போனதோ?"

"வாடைக்கு முந்தி ஒண்டு. வாந்தியெடுத்தெடுத்து... கழுவித்தானே போட்டன்."

"அந்தக் கிருமி தண்ணியில கழுவினாப் போகாது. மாசக் கணக்கில இருந்து, ஒண்டிலயிருந்து ஒண்டுக்குத் தொத்தும். சீனி சின்னதிலயே அந்த வருத்தத்தில தப்பியிருக்கும். குட்டியள் தாங்காது."

சோதித்துப் பார்க்க என்னிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனாலும் வேறு காரணம் எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. மனிதர் அப்படியே குந்திவிட்டார். எனக்கே சங்கடமாயிற்று. சீனியில் குற்றமில்லை என்று பரீனாவிடம் நானே சொல்கிறேன், சாக்கைச் சத்தமில்லாமல் எரித்துவிடுங்கள் என்றேன்.

"அப்ப அவ இன்னொராளிட பூனையில பழியப் போடுவா" என்று எழுந்தார்.

வேலியருகே போய்க் கூப்பிட்டார். "தங்கச்சி, சீனி இல்ல. என்ட சாக்கு."

நான் சொன்னதையெல்லாம் தன் வாயால் சொன்னார். பரீனா நெடுநேரம் அவரைத் திட்டினாள். அதே சாக்கில் அக்கரைக்குப் போன பூனைகளின் கதி என்னவென்றும் கேட்டாள். திட்டி முடிந்தபின் சாக்கின் மூலையைப் பார்த்தாள்.

"குளிருக்குப் படுக்கட்டுமெண்டு குட்டிகள இதில வெச்சது நான்தான்" என்றாள். "எரிங்க, காக்கா. நெருப்பு நான் தாறன்."

குசினி அடுப்பிலிருந்து கொள்ளியை அவளே எடுத்துவந்தாள்.

பிறகும் துறைக்குப் பூனையோடு ஆட்கள் வந்தார்கள். "சாக்கு இல்ல. உங்கட பூனையை நீங்களே வெச்சிருங்க" என்று திருப்பி அனுப்பினார்.

வாடை ஓய்ந்து கச்சான் காற்றுத் தொடங்கும்வரை சீனி உயிரோடிருந்தது. அதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தண்ணீர்ச் சிரட்டை, அந்தப் பக்கம் பரீனா வைத்தது ஒன்று.