உஸ்தாது சொன்ன பொய்

தாராவியில் வந்து பூதத்தான் எங்கே என்று விசாரித்தால் கையை விரிப்பார்கள். உஸ்தாது என்றால் எவரும் வழி காட்டுவார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப் முக்கில் ஒரு தகரக் கொட்டகை. வெளியே தெருவோரம் எப்போதும் இரண்டு டாக்ஸிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நாங்குநேரிப் பக்கமிருந்து வந்து, பைகுல்லாவில் ஒரு பார்ஸிக்காரர் கராஜில் பதினோரு வருஷம் கரியும் கிரீஸுமாகக் கிடந்து, பிறகு தனியாகத் தொழில் போட்டவர். இஞ்சின் வைத்தியத்தில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒரே ஒரு கோளாறு, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். வண்டிக்காரன் வாயைத் திறந்தால், "நீரு சும்மா இரும்வே, வண்டி சொல்லும்" என்று அடக்கிவிடுவார். சத்தத்தைக் கேட்பார், பானெட்டில் கையை வைப்பார், ஒரே வார்த்தையில் தீர்ப்பு. முக்கால்வாசி பலித்தும்விட்டதால் அவரைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

1964 ஏப்ரலில் அப்துல் வாஹிதின் ஃபியட் டாக்ஸி கொதிக்க ஆரம்பித்தது. வாஹித் மேலப்பாளையத்துக்காரர். பதினைந்து வருஷம் அடுத்தவன் டாக்ஸியைக் கூலிக்கு ஓட்டியவர். சொந்த வண்டி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சயான் தாண்டுவதற்குள் பானெட் இடுக்கில் ஆவி கிளம்பும். பாஸஞ்சர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போவான். உஸ்தாது ஃபேன் பெல்ட்டை மாற்றினார், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார், டைமிங்கைச் சரிசெய்தார். எதற்கும் கொதிப்பு அடங்கவில்லை. மூன்றாவது வாரம், ரேடியேட்டர் தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி கிளம்புவதைப் பார்த்துவிட்டு, நாலு பேர் நிற்கும்போதே சொன்னார்:

"பிளாக்கே விரிஞ்சுபோச்சு பாய். இனி தேறாது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டிரும்."

வாஹித் அன்றைக்கே தேவ்நாரில் இரண்டு டாக்ஸி வைத்திருந்த பிரம்மநாயகத்திடம் சொல்லிவைத்தார். வேறு இஞ்சின் மாட்டி ஓட்டிக்கொள்ளலாம் என்று அவரும் சம்மதித்தார். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து என்று பேச்சு.

அன்று காலை, விரிசலைப் பிரம்மநாயகத்துக்குக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று உஸ்தாதுக்கு ஒரு வீம்பு. தண்ணீரை வடிக்க ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்தார். சொட்டுச் சொட்டாக வந்தது. துரு அடைத்திருக்கும் என்று ரப்பர் ஹோஸைப் பிடுங்கி வடித்துவிட்டு, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கட் சேதமில்லாமல் இருந்தது. பிளாக்கில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசிப் பார்த்தார். விரிசல் இருந்தால் ஈரக்கோடு விழ வேண்டும். ஒரு கோடும் விழவில்லை. மறுபடியும் துடைத்துப் பூசினார். வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

அப்போதுதான் அந்தச் சொட்டு ஞாபகம் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றி, கம்பியை விட்டுக் குடைந்தார். கெட்டியாக, மஞ்சளாக, களிபோல வந்தது. மோந்து பார்த்தார். மஞ்சள்பொடி.

போன மழைக்காலத்தில் ரேடியேட்டர் ஒழுகியபோது அவர் வாயால் வாஹிதிடம் சொன்னதுதான்: ஒழுகினா ஒரு கை மஞ்சப்பொடி போடும், அடைச்சுக்கிடும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்வரை சமாளிக்க எல்லா மெக்கானிக்கும் சொல்லும் வழி. பற்றவைக்கத்தான் உஸ்தாது மறந்துபோனார்.

கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் நாலு மணிக்கு வண்டி கைமாறும், பழைய இஞ்சின் காயலான் கடைக்குப் போகும், உஸ்தாது பேரும் நிற்கும். வாஹித் மட்டும் மறுபடியும் கூலிக்கு ஓட்டப் போவார். அதை நினைத்ததும் எழுந்து, அந்த மஞ்சள் களியை ஒரு டப்பாவில் வழித்து வைத்தார்.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். வாஹித் பேனாவை வாங்கியதும் உஸ்தாது எழுந்தார்.

"கையெழுத்துப் போடாதீரும் பாய். பிளாக்கு நல்லாருக்கு. நான் சொன்னது தப்பு." மஞ்சள் களியை டப்பாவோடு நீட்டினார். "இதான் அடைச்சுக்கிட்டு, தண்ணி ஓடாம கொதிச்சுக் குமிழி விட்டிருக்கு. எவ்வளவு போட்டீரு?"

"நீரு சொன்ன மாதிரி ஒரு கைதான். வெள்ளிக்கிழமைதோறும் தொழுதுட்டு வந்து போட்டுருவேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை."

"ஒழுகினா போடும்னுல்லா சொன்னேன்!"

"ஒழுகிறக் கூடாதுன்னுதான் போட்டேன்."

பிரம்மநாயகம் சிரித்துவிட்டார். உஸ்தாது சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் பொறும். வடாலாவுல ரேடியேட்டரைக் குடுத்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணி மாட்டித் தாரேன். பம்பாய் பூராச் சுத்தும்."

"எனக்கு ரெண்டு நாள்லாம் ஆகாதுய்யா," என்றார் பிரம்மநாயகம். "இன்னைக்கு இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன்."

வாஹித் பிரித்துப்போட்ட இஞ்சினைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், உஸ்தாதின் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருசத்துல உம்ம வாயிலேருந்து தப்புன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. என் நெலமையப் பாத்து மனசு கேக்காம, எனக்காகப் பொய் சொல்லுதீரு."

"சுடலைமாடன் சத்தியமா நெசம்தாம்வே!"

"போதும் உஸ்தாது. மஞ்சள் மருந்துல்லா? அது எங்கயாவது கெடுக்குமா?" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

வேறு இஞ்சின் வாங்க வேண்டாம் என்று உஸ்தாது பிரம்மநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வியாபாரி, காதில் வாங்கிக்கொண்டார். ரேடியேட்டர் சுத்தமாகி வந்தது, ஹெட் ஏறியது, அதற்குப் பிறகு வண்டி ஒரு நாளும் கொதிக்கவில்லை. பிரம்மநாயகம் அதை ஓட்ட நல்ல டிரைவர் தேடியபோது வாஹிதே வேலைக்குச் சேர்ந்தார். தன் வண்டியையே தினக்கூலிக்கு ஓட்டினார்.

ஆயில் மாற்ற வரும்போதெல்லாம், அங்கே நிற்கிறவர்களிடம் வாஹித் பானெட்டைத் தட்டிக் காட்டுவார். "பிளாக்கு விரிஞ்ச வண்டி இது. எங்க உஸ்தாது கைபட்டு ஓடுது. இதுல, நான் விக்கக் கூடாதுன்னு பொய்வேற சொன்னாரு. அப்படி ஒரு மனுசன்." விரியவில்லை என்று உஸ்தாது முதல் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தார். தன்னடக்கம் என்றார்கள். அதற்கப்புறம் வாஹித் பேச்சைத் தொடங்கினால், அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். பேச்சு முடிந்து கூட்டம் கலைகிறவரை வெளியே வர மாட்டார்.