இடது பக்கம் பெருத்த கப்பல்

ஏழெட்டு வருடம் இருக்கும். வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மாதம். மலையில் கோடை விழா என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கரியாலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். அந்த ரூட்டில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கிடையாது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. மரத்தில் கப்பல் செய்வேன். பஸ் ஓட்டுகிறவனுக்குக் கப்பல் எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. சின்ன வயதில் லாரி ஓட்டியபோது கடலூர் துறைமுகத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே ஆற்றங்கரையில் பெரிய பெரிய தோணிகளை மரத்தில் கட்டிக்கொண்டிருப்பார்கள். கையில் காகிதம் கிடையாது, படம் கிடையாது. ஒருவர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், “இன்னும் கொஞ்சம் உள்ளே” என்பார், பலகை உள்ளே போகும். லோடு இறக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பைத்தியம்தான் பிடித்துக்கொண்டது.

மரத்துக்குப் பஞ்சமில்லை. கள்ளக்குறிச்சியில் சாமி சிலை செதுக்கும் பட்டறைகளில் வாகை, தேக்குத் துண்டுகள் கழித்துப் போட்டிருப்பார்கள். அள்ளிக்கொண்டு வருவேன். அடிக்கட்டையை வைத்து, விலா எலும்பு மாதிரி சட்டங்களை நிறுத்தி, மெல்லிய பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டுவேன். பசை காயும்வரை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். அப்புறம் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் முனையிலிருந்து ஒரு நோட்டம். அவ்வளவுதான் அளவு. வெளிநாட்டில் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் துண்டு துண்டாக வெட்டிச் சேர்ப்பதை எங்கள் கண்டக்டர் செல்போனில் காட்டினான். “அதெல்லாம் கண்ணு சரியில்லாதவனுக்குடா தம்பி” என்றேன். அப்படி ஒரு திமிர்.

வீட்டில் டி.வி. மேல் கப்பல், பிரிட்ஜ் மேல் கப்பல், அரிசி டிரம் மேல் கப்பல். “நம்ம ஊருல பஸ்ஸே நேரத்துக்கு வர்றதில்ல, இவருக்குக் கப்பல் கேக்குது” என்பாள் என் மனைவி. ஆனால் விருந்தாளி வந்தால் முதலில் கப்பலைக் காட்டுகிறவளும் அவள்தான்.

ரொம்ப வருடம் முன்னால் செய்த ஒரு சின்னக் கப்பலை பஸ்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மணலூர்பேட்டைக்காரம்மா ஒருவர், கச்சிராயபாளையத்தில் இருக்கும் மகளைப் பார்க்க அடிக்கடி எங்கள் பஸ்ஸில் வருவார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவார். ஒருநாள் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டு வந்தவர், “எங்க வூட்டுக்காரரு கப்பல்ல வேலை பாத்தவருங்க. அவருக்கு இது மாதிரி ஒண்ணு செஞ்சி குடுப்பீங்களா?” என்று கேட்டார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை நாள் நான் கப்பல் காட்டியவர்களில் பாதிப் பேர் கடலையே பார்க்காதவர்கள். கப்பலில் வேலை பார்த்த மனுஷன் ஒருத்தர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதாதா? சும்மாவே செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து இழைத்தேன். என் வாழ்நாளிலேயே அது மாதிரி ஒன்று நான் செய்ததில்லை.

அந்த மாதங்களில் வேறு சில விஷயங்களும் நடந்தன. இழைத்துக்கொண்டிருக்கும்போது இடது பக்கம் வைத்த காபி டம்ளரை அடிக்கடி தட்டிவிட்டேன். பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி ஒரு புளியமரக் கிளையில் அடித்து நொறுங்கியது. கச்சிராயபாளையம் கடைத்தெருவில் இடது பக்கம் வந்த ஒரு பைக்கை உரசினேன். “கண்ணு எங்கடா வச்சிக்கினு வர்ற?” என்று அந்தப் பையனைத்தான் திட்டினேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

கப்பல் முடிந்ததும் ஒரு வார லீவில் பைக்கில் கிளம்பினோம். மனைவி பின்னால் உட்கார்ந்து, கப்பலைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சங்கராபுரம் தாண்டும்வரை வேகத்தடை வரும்போதெல்லாம் என் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

மணலூர்பேட்டையில் அந்தம்மா வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். உள்ளே நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். “வாங்க டிரைவரே” என்று அவர் கை நீட்டிய திசையில் நான் இல்லை, சுவர்தான் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா இப்படி இழைத்து இழைத்துச் செய்தோம் என்று நினைத்தேன். அந்தம்மா முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று கோபம்கூட வந்தது.

அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலை வாங்கி மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பக்கமும் ஒட்டி, முன் முனையிலிருந்து பின் முனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். முகம் மலர்ந்துவிட்டது. பாய்மரத்தைத் தொட்டார், சுக்கானை அசைத்துப் பார்த்தார், சமையல்கட்டு எந்த இடத்தில் வரும் என்று எங்களுக்கு விரலை வைத்துக் காட்டினார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. மறுபடி ஒருமுறை முன்னாலிருந்து தடவினார். நடுவில் வந்ததும் கை நின்றது. திரும்பவும் தடவினார்.

“கோச்சிக்காதீங்க டிரைவரே. இந்தப் பக்கம் வயிறு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே?” என்றார். அவர் தட்டிக் காட்டியது கப்பலின் இடது பக்கம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அதெல்லாம் இருக்காதுங்க, நான் கண்ணால பாத்து பாத்துச் செஞ்சது” என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் சிரித்தார். “எந்தக் கண்ண மூடிக்கினு பாப்பீங்க?”

“இடது கண்ண.”

“வலது கண்ண மூடிப் பாத்திருக்கிறீங்களா எப்பனா?”

“அத எதுக்கு மூடணும்?” என்றேன். அவர் சொன்னார்: “எனக்கு மொதல்ல ஒரு கண்ணுதாங்க போச்சி. இன்னொரு கண்ணு அத மூடி மறைச்சிக்கினே இருந்துச்சி. வலி கெடையாது, செவக்கல, தண்ணி வரல, ஒண்ணுமில்ல. சாம்பார் ஊத்தறப்ப தட்டுக்குப் பக்கத்துல ஊத்துவேன். கப்பல் ஆடுது, அதான்னு நெனச்சிக்கினு இருந்தேன். துறைமுகத்துல கப்பல் சும்மா நிக்கறப்பவும் அப்பிடியே ஊத்தினேன் பாருங்க, அப்பகூட எனக்குப் புத்தி வரல. நீங்க மலைக்கு வண்டி ஓட்டுறவரு. ஒரு தபா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்தியதும் மனைவி, “நாளைக்கு வண்டிக்குப் போவாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள். “சீசன் நேரத்துல லீவு போட்டா மொதலாளி உன்னையா ஓட்டச் சொல்வாரு? கண்ணு தெரியாதவரு சொன்னத கேட்டுக்கினு ஆடாத” என்று கத்தினேன். அவள் அழுதாள். நான் கத்துகிற ஆள்தான், ஆனால் அவள் லேசில் அழுகிற ஆள் இல்லை. அது என்னை என்னவோ செய்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டி.வி. மேல் இருந்த கப்பலை எடுத்தேன். அது சமீபத்தில் செய்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் செய்தது மாதிரியே இரண்டு உள்ளங்கையாலும் தடவினேன். இடது பக்கம் புடைத்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் சரியாக இருக்கிறது, மூடினால் புடைக்கிறது. மரம் வெயிலில் உப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வண்டி நிரம்பி வழிந்தது. கோடை விழாவுக்குப் போகிறவர்கள், சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் மலைக்காரர்கள், மூட்டை, குழந்தை குட்டி. சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாமி கும்பிடும்போது கை தானாக அந்தப் பழைய கப்பலுக்குப் போனது. கண்ணை மூடித் தடவினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வழவழவென்று, ஒரு குறையும் இல்லை. அதே மரம், அதே வெயில். செய்த ஆளும் நான்தான்.

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரே இருந்த டீக்கடை போர்டை நேராகப் பார்த்தேன். போர்டு மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் புகை மூட்டம். முன்படியில் நின்று “கரியாலூர், கரியாலூர்” என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். குரல் கேட்டது, ஆள் இல்லை. புதிதாக மாட்டிய இடது பக்கக் கண்ணாடி இல்லை. படி இல்லை. மலையிலிருந்து இறங்கும்போது எத்தனை வளைவில் அந்தப் பக்கம் பள்ளம் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கண்டக்டர் கையில் கொடுத்து, “என்னால ஓட்ட முடியாதுடா, வேற ஆளக் கூப்பிடு” என்றேன்.

“இன்னாண்ணே வெளையாடற? வண்டி ஃபுல்லு!”

“கண்ணு தெரியலடா.” அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான்.

வேறு டிரைவர் தூங்கி எழுந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் என்னை வறுத்தெடுத்துவிட்டார்கள். “காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான் போல, ஆளப் பாரு” என்று ஜன்னலில் இருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார். நான் பீடிகூடக் குடிக்காதவன். வேறு நாளாக இருந்திருந்தால் அவரை இறக்கிக் கேட்டிருப்பேன். அன்று ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் கம்பத்தை விட்டேன்.

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார்கள். இடது கண்ணில் போன பார்வை போனதுதான், திரும்பாது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது, ஆனால் நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. நான் கப்பல் கதையைச் சொன்னேன். கண்ணால்தான் கப்பல் பெருத்தது என்று உறுதியாகச் சொல்லமுடியாது, இருக்கலாம் என்றார். “எதுவா இருந்தா என்ன, சொன்னவருக்குப் போய் நன்றி சொல்லுங்க” என்றார்.

போனேன். இந்தமுறை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கப்பலைக் கொடுங்கள், சரியாக வேறு ஒன்று செய்து தருகிறேன் என்று கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “இது என் கப்பலுங்க. வயிறு பெருத்தா இன்னா, நல்லா சாப்புட்டிருக்குதுன்னு வச்சிக்கிறேன்” என்று மடியில் இறுக்கிக்கொண்டார். சமையல்காரர் புத்தி.

ஸ்டியரிங்கை அதோடு விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் மனசு ஒடிந்துதான் கிடந்தேன். எங்கள் முதலாளி நல்ல மாதிரி. பஸ் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நேரம் பார்த்து அனுப்புகிற வேலையைக் கொடுத்தார். இப்போது விசிலும் கையுமாக நான்தான் எல்லா டிரைவரையும் விரட்டுகிறேன். அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. கப்பலும் செய்கிறேன். வலது கண்ணால் பார்த்து இழைப்பேன், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். முன்பைவிட நன்றாகவே வருகிறது. இரவு எட்டு மணிக்கு மனைவி சொட்டு மருந்தோடு வந்து நிற்பாள். “ஆடாம இருங்க” என்று இன்றைக்கும் அதட்டுவாள்.

அன்று அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் நிறையப் பேரை எனக்கு முகம் தெரியும். ஸ்டாண்டில் தினம் பார்க்கிறேன். நான் ஏன் இறங்கினேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த ஜன்னல்காரர் இன்னமும், குடித்துவிட்டு வந்துதான் எனக்கு டிரைவர் வேலை போனது என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மனைவிக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு வருவதில்லை. அன்று அவர் மலையில் பத்திரமாக இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து என்னைத் திட்டியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனசு நிறைந்துவிடுகிறது.