சமதள அடுப்பும் ஒரு விரல் வரப்பும்

வாசகரே, சிறிது நேரம் சாட்சியாக நில்லுங்கள். இந்த வழக்கில் குற்றம் சாட்டுபவனும் நான், சாட்டப்படுபவனும் நான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நான் கடைசியில் சொல்லும் ஒரு வாக்கைக் கேட்டு, மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெல்போர்னில் நான் குடியேறிய முதல் வாரம். தோசை வார்த்து முடித்தபின், தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பதுபோல, ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் மொண்டு சமையல் மேடைமேல் வீசி ஊற்றினேன். நம் அடுக்களையின் தரை சற்றே சாய்ந்திருக்கும். மூலையில் தண்ணீர் போக ஒரு துவாரம் இருக்கும். இங்கே தரையும் சாயவில்லை, துவாரமும் இல்லை. தண்ணீர் தரையில் ஒட்டியிருந்த லினோலிய விரிப்பைக் கடந்து, கூடத்துக் கம்பளத்தை நோக்கி அமைதியாக நடந்தது. வீட்டுக்கார அம்மையார் திருமதி டோரத்தி இரண்டு துண்டுகளோடு ஓடிவந்து, குழாய் எங்கே உடைந்தது என்று கேட்டார். உடையவில்லை, சுத்தம் செய்கிறேன் என்றேன். உடைத்த வெட்கத்தில் பொய் சொல்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மறுநாள் வந்த குழாய்க்காரர் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்.

அதன்பின் நான் துடைக்கக் கற்றுக்கொண்டேன். நனைத்துப் பிழிந்த ஒரு துணி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சு. மேடை பளிச்சென்று ஆகிவிடும். அதற்கு வாகாக அடுப்பும் மேடைக்குள்ளேயே இறங்கி, மேடையோடு சமமாகப் படுத்திருந்தது. மேடும் இல்லை, விளிம்பும் இல்லை. துணி எங்கும் தட்டுவதில்லை. இரண்டே ஆண்டுகளில், உலகத்து அடுப்புகள் யாவும் இவ்வாறே இருக்கக் கடவன என்ற உறுதி எனக்குள் வேரூன்றிவிட்டது.

அப்போதுதான் அக்காவின் கடிதம் வந்தது. என் அக்கா ஜெபமணி பெண்கள் பள்ளியில் ஆசிரியை. விடியுமுன் விறகடுப்பை ஊதிவிட்டு, சிவந்த கண்களோடு வகுப்புக்குப் போய்க் கரும்பலகையைப் பார்ப்பவள். நான்கு வருடக் காத்திருப்புக்குப் பிறகு அவளுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்திருந்தது. மேடைக்காக ஆறடி நீளத்தில், ஒட்டில்லாத கறுப்புக் கடப்பாக் கல் ஒன்றைக் கடை கடையாக அலைந்து அவளே தேர்ந்து வாங்கியிருந்தாள். "இந்தக் கிறிஸ்துமஸ் சமையலாவது புகையில்லாமல் முடிய வேண்டும், அடுப்பு இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாள். வாங்காதே, நான் விடுமுறையில் கொண்டுவருகிறேன் என்று தந்தி அடித்தேன்.

இங்குள்ள கடையில் விற்பனையாளர் முதலில் காட்டியது, சுற்றிலும் உயர்ந்த விளிம்புள்ள அடுப்பு. எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். எல்லோரும் வாங்குவதை வாங்கவா நான் கடல் கடந்து வந்தேன் என்றேன். அடுப்பு வாங்குவதற்காகவே இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவர் நம்பிவிட்டார். நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். சிலிண்டர் வாயுவுக்கென்று செய்த, கல்லோடு சமமாகப் படுக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்கு அணுவளவும் ஐயம் இருக்கவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி எங்கள் அடுக்களையில் கல் வெட்டும் மிக்கேல் அண்ணாச்சி உளியோடு உட்கார்ந்திருந்தார். அட்டையில் அளவு வெட்டி மேடைமேல் வைத்தேன். கல்லில் துளை போட்டு, துளையின் ஓரம் நாலு பக்கமும் படி இறக்கினால், அடுப்பின் தகடு படியில் அமர்ந்து கல்லோடு சமமாகிவிடும்.

"தம்பி, வெட்டுனா வெட்டுனதுதான் பாத்துக்கிடுங்க. படி இறக்காம மேலாப்புல வச்சிரட்டுமா? ஒரு விரக்கட மேல நிக்கும், அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி.

அக்காவும் வாயைத் திறந்தாள். "ஏலே, சாயங்காலம் நான் மேடைய..."

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற எவர்சில்வர் கோப்பைகளில் ஒன்றால்தான் அக்கா அரிசி அளப்பாள். அது அன்று அலமாரியிலிருந்து என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். "எதிரணிக்கு நேரம் முடிந்தது!" என்றேன். மேடு என்பது அழுக்கின் அரண் என்றேன். விளிம்பு என்பது பெண்ணின் கைக்குப் பூட்டிய விலங்கு என்றேன். ஒரே வீச்சில் துடைத்தெழும் கரத்தின் விடுதலையைப் பாடினேன். கால் மணி நேரம் பேசினேன். வாசகரே, நன்றாகவே பேசினேன்.

"டீச்சர் என்னமோ சொல்ல வந்தாகளே" என்றார் அண்ணாச்சி.

"எங்க சொல்ல விடுதான்? மைக்கை முழுங்கிப் பொறந்தவன்லா. வெட்டுங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா.

மூன்று நாள் உளிச் சத்தம். துளையிலிருந்து பெயர்த்தெடுத்த கல்லை எறியாமல் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னாள் அக்கா. அடுப்பு படிக்குள் இறங்கியபோது விரலால் தடவிப் பார்த்தேன். கல் முடிந்து தகடு தொடங்கும் இடமே தெரியவில்லை. "நல்ல வேலைதான் தம்பி, குறை சொல்லப்படாது" என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் தேதி மாலை. அக்கா முதன்முறையாகப் புகையில்லாமல் சோறு வடித்து, மீன்குழம்பு கூட்டி இறக்கினாள். அவள் கண்கள் சிவக்காமல் வெள்ளையாக இருந்தன. பின் எப்போதும்போல் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசினாள்.

தண்ணீரைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. நான் வாதாடி வாங்கிய சமதளத்தில் அது வழுக்கி ஓடி, பர்னர்களுக்குள் இறங்கி, அடிப்பெட்டியை நிரப்பி, கீழ்த் தட்டில் முறுக்குக்காக இடித்து வைத்திருந்த மாவின்மேல் கொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கொடியில் கிடந்த இரண்டு துண்டுகளை உருவிக்கொண்டு ஓடிவந்தேன். மேடைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இதே தண்ணீரை நான் ஊற்றியிருக்கிறேன். இதே இரண்டு துண்டுகளோடு இன்னொருவர் ஓடிவந்திருக்கிறார். அன்று நான் இருந்த இடத்தில் இன்று அக்கா நிற்கிறாள். திருமதி டோரத்தியின் இடத்தில் நான் நிற்கிறேன்.

"இதைத்தாம்லே அன்னைக்குச் சொல்ல வந்தேன்" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. "அவிச்ச மீனு வாடை துடைச்சாப் போவுமா? தண்ணி ஊத்தாத மேடை எனக்கு மேடையில்ல. நாளை மறுநாள் இருவது பேரு சாப்பிட வாராங்க. நான் விறகு வாங்கி வைக்கட்டுமா, சொல்லு."

துண்டுகளைக் கீழே போட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு மிக்கேல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "உப்பளத்து ஊருல பொறந்துட்டு வரப்பு இல்லாம தண்ணியை நிறுத்தப் பாத்தீகளே தம்பி!"

மறுநாள் காலை, சுவரோரம் இருந்த அதே கல்லிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு நான்கு துண்டுகள் அறுத்தார். அடுப்புத் துளையைச் சுற்றிச் சிமெண்டு வைத்துப் பதித்தார். உப்புப் பாத்திக்கு வரப்புப் போட்டதுபோல் இருந்தது. அதற்குள், கழற்றி எடுத்த அடுப்பு மொட்டைமாடி வெயிலில் கவிழ்ந்து காய்ந்துவிட்டது. என் சமதளம் போயிற்று. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று இருபது பேர் உண்டார்கள். அக்கா கண் எரியாமல் ஆராதனையில் பாடினாள்.

மெல்போர்ன் திரும்பி மூன்று வாரமாகிறது. இங்கே மேடையைத் துடைக்கும்போது, துணி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தட்டாமல் ஓடுகிறது. ஆனாலும் என் கை அடுப்பருகே வரும்போது தன்னால் ஒரு விரல் உயருகிறது, இல்லாத வரப்பைத் தாண்டுவதற்காக. சமதளம் அழகுதான், அந்த வாதத்தை நான் இன்றும் கைவிடவில்லை. அந்த மேடையின்முன் நிற்பது அக்கா என்பதைத்தான் என் வாதத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

அன்று, சிமெண்டு காய்வதற்குள், அண்ணாச்சியின் காதில் விழும்படி, அரிசி அளக்கும் என் பரிசுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "அக்கா, இனி உன் வீட்டுல எதை வெட்டுறதா இருந்தாலும், நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அடுத்த தடவை துண்டோட ஓடி வரமாட்டேன். வாளியில தண்ணி நான் மொண்டு தாரேன்."