சத்தம் போடத் தெரியாத குழந்தை

லீலாவுக்குக் குரல் பெரிது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி லைனில் பல வருஷம் நின்றவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கான்ட்ராக்ட் முடிந்து, வடக்குப்பட்டில் சர்ச் நடத்தும் மழலையர் பள்ளிக்கு உதவியாளராக வந்த முதல் நாளே போதகர் ஜோயல், "மெதுவாம்மா, பிள்ளைங்க பயந்துடும்" என்றார். பயிற்சி முடித்து டீச்சரான பிறகும் குரல் இறங்கவில்லை. பிள்ளைகள் பயப்படவும் இல்லை.

அந்தப் பள்ளியில் வீட்டுப்பாடம் கிடையாது. மணல், தண்ணீர், மரக்கட்டை, பாட்டு, சாப்பாடு, இவ்வளவுதான். "ஏபிசிடி எப்ப சொல்லித் தருவீங்க?" என்று கேட்கும் பெற்றோரிடம் லீலா, "மொதல்ல வாயாரப் பேசட்டும். எழுத்து எங்க ஓடிடப் போவுது?" என்பாள்.

ஆனால் ஜூனில் சேர்ந்த மதிவதனி பேசவே இல்லை. மூன்றரை வயது. சிரித்தால் பல் தெரியும், சத்தம் வராது. விழுந்து முட்டி சிராய்த்தபோது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லலாம் என்றார் இன்னொரு டீச்சர்.

"ஒருவாட்டி வூட்டப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள் லீலா.

மதியம் பள்ளி விட்டதும் போனாள். ஒற்றை அறை வீடு. கதவைத் தட்டுவதற்குள் குழந்தையின் அம்மா பாண்டிச்செல்வி, உதட்டில் விரலை வைத்தபடி வெளியே வந்தாள். சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

"அவுகளுக்கு நைட் ஷிப்ட் டீச்சர். இப்பத்தான் கண்ணசந்தாக."

உள்ளே ஃபேனுக்கடியில் குழந்தையின் அப்பா குப்புறப் படுத்திருந்தார். மதிவதனி நுனிக்காலில் நடந்துபோய் எவர்சில்வர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு கையாலும் தரையில் வைத்தாள். ஓசையே எழவில்லை. 

லீலா குழந்தையைப் பேசச் சொல்லவில்லை. மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியின் வேலியோரம் கூட்டிப்போனாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "லாரி மாமாவக் கூப்புடலாமா?" பிள்ளைகள் கத்தின. ஒரு டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். மதிவதனி லீலாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்த காதில் மூச்சுக்காற்றாக வந்தது அவள் பேச்சு.

"அப்பா முழிச்சிருவாகளா?"

"இல்ல கண்ணு. அப்பா தூரமாத் தூங்கினுகீறாரு. இங்க நீ இன்னா கத்தினாலும் கேக்காது."

அதன்பின் தினமும் வேலியோரம் போனார்கள். முதலில் வாய் மட்டும் அசைந்தது. பிறகு கொசு ரீங்காரம்போல் ஒரு "ஏ". மழை தூறிய ஒரு காலையில், எல்லாரையும் மிஞ்சிக்கொண்டு "ஏய் லாரீ!" என்று வெடித்தது குரல். லீலா அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

ஆனால் அந்தக் குரல் வீட்டுக்கும் போயிற்று. இரண்டு நாள் கழித்துப் பாண்டிச்செல்வி முகம் வாடி வந்தாள். "நேத்து இவ போட்ட சத்தத்துல அவுக பதறி முழிச்சிட்டாக டீச்சர். தூங்காமப் போயி மெஷின்ல நின்னா கையி போயிரும்ல?"

 தப்பு செய்துவிட்டோமோ என்று லீலா அன்று முழுக்கக் கலங்கினாள். சாயங்காலம், ஷிப்டுக்குப் போகும் உடுப்போடு அந்தத் தகப்பனே லீலாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாண்டிச்செல்வி சொன்னத மனசுல வைக்காதீக டீச்சர். எம்புள்ள இம்புட்டுச் சத்தமா 'அப்பா'ன்னு கூப்புட்டு நான் கேட்டதே இல்ல. முழிச்சுப் பாக்கேன், சிரிச்சுக்கிட்டு நிக்கா. எனக்குத் தூக்கமும் வேணும், அவ சத்தமும் வேணும். என்ன செய்யட்டும்?"

லீலா போதகரிடம் போனாள். நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"யாரும்மா பாத்துக்கறது?"

"நான் இருக்கறேன் ஐயா."

ஜோயல் சர்ச் ஹாலின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அந்த ஹாலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் வரை ஆட்டம் போடுகிறார்கள். தூங்கி எழுந்த முகத்தோடு மதிவதனியின் அப்பாவே கூட்டிப்போக வருகிறார். கேட் பக்கம் அவர் தலை தெரிந்ததும் "அப்பா!" என்று அவள் கத்துவது ரோடு வரைக்கும் கேட்கும். அவர் காதில் விழாதவர்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார், அவள் இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று.