மர அலமாரிக்குள் ஒரு டிவி

ரிமோட்டை அமுக்கினால் அதன் கதிர் சுவரையும் துளைத்துப்போகும் என்று நம்பியிருந்தேன். துபாய்க்கார முதலாளி ஒருவரின் வேனை ஓட்டினேன். உள்ளே படுக்கை, அடுப்பு, உப்புக்காற்றுக்குப் பயந்து அலமாரியில் பூட்டாமல் மூடிய டிவி, வீடியோ.

மனைவிக்கு நிறைமாதம். தியேட்டர் நாற்காலி ஒத்துவராது, படமோ பார்த்தே ஆகவேண்டும் என்றாள். முதலாளியிடம் கேட்டு வேனை மட்டாஞ்சேரி படகுத்துறையில் நிறுத்தி, அவளைப் படுக்க வைத்து, ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றுமில்லை. நான் அமுக்கிய அமுக்கில் அக்கரையில் வைப்பின் தீவில் யார் வீட்டு டிவியோ அலறுகிறது என்று பயந்துபோனேன்.

"எந்தா, டிவிக்கு உங்களோட பிணக்கமா?" என்றாள்.

"சும்மா இருடி, டிவி கெட்டுப்போச்சுன்னா முதலாளி என்னைக் கொன்னுடுவாரு!"

"பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு சாயா குடிங்க" என்று எழுந்து, கிளாஸ் தேடி டிவி இருந்த அலமாரியைத் திறந்தாள். நான் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தேன். படம் ஓட ஆரம்பித்தது. ரிமோட்டின் கதிர் மரக்கதவைத் தாண்டாது, அவ்வளவுதான்.