பெயர் மட்டும் மாறிய கம்பனி

என் மாமா பிளேன் கம்பனியில் வேலை செய்தார். சீனன்குடாவில் எப்போதாவது வந்து இறங்கும் பிளேனில் பெட்டிகளை ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஆனால் எங்கள் ஊரான உப்புவெளியில் அவர் நடக்கிற நடையைப் பார்த்தால், பிளேனையே அவர்தான் கயிறு கட்டி இறக்குகிறார் என்று தோன்றும். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அந்தக் கம்பனியை மூடி வேறு பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கப்போவதாகப் பேப்பரில் வந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. தன் தம்பியான மாமாவுக்குத் துறைமுகத்தடியில் பெண் பேசி, ஞாயிறு பூசை முடிந்ததும் பார்க்கப் போவதென்று ஒழுங்கு செய்திருந்தார். மாமாவோ அசையவில்லை. பெயர்தான் மாறுகிறது, ஆட்கள் பழைய ஆட்கள்தான், கட்டாயம் கூப்பிடுவார்கள் என்றார். பிள்ளை பிறக்க முதல் பெயர் வைத்த கதையாகத் தன் நீல யூனிபோம் சட்டையையும் அக்காவிடம் நீட்டினார். அம்மா பொக்கற்றில் இருந்த பழைய பெயரை இழை இழையாகப் பிரித்தெடுத்து, பேப்பரைப் பார்த்துப் புதுப் பெயரைத் தைத்தார். அந்தக் கம்பனியின் முதல் யூனிபோம் எங்கள் வீட்டில்தான் தயாரானது.

பெண்ணின் தகப்பன் வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படைத் தளத்தில் பெயின்ட் அடித்தவர். தளம் கைமாறிய பிறகு துறைமுகத்தில் வள்ளம் ஓட்டினார். அவர் வீட்டு விறாந்தைக் கதிரையில் மாமா நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். அப்போதுதான் நாங்கள் கண்டோம். வெயிலில் சட்டை முழுவதும் வெளுத்திருக்க, பழைய எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. புதுப் பெயருக்குப் பின்னால் பழைய பெயர் கடும் நீலத்தில் தெளிவாகத் தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பைத் திருகத் தொடங்கினார்.

“பேர் மட்டும்தான் மாறுது, ஐயா” என்றார் மாமா.

பெண்ணின் தகப்பன் குனிந்து அந்தப் பொக்கற்றைப் பார்த்தார்.

“ஓம் தம்பி. தளத்தை மாத்திக் குடுக்கேக்க எங்களிட்டயும் அப்பிடித்தான் சொன்னவங்கள்.”

பிறகு உள்ளே திரும்பி, மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டுவரும்படி மகளிடம் சொன்னார். மாப்பிள்ளை என்றே சொன்னார். மாமாவுக்கு வள்ளம் ஓட்டத் தெரியுமா என்றும் கேட்டார். தெரியாது, பழகலாம் என்று மாமா மெல்லச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் அம்மா அழுதுகொண்டே வந்தார். எனக்கோ அந்த மனிதர்மேல் பொல்லாத கோபம். பிளேன் கம்பனி ஆளிடம் போய் வள்ளம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டு, என் மாமாவை அவமானப்படுத்திவிட்டார் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். வேலை போன ஒருவனுக்குப் பெண்ணையும் கொடுத்து, கூடவே ஒரு தொழிலையும் கொடுத்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவே இல்லை.