புண்ணியம் ஜாஸ்தி

அடுத்த வீட்டுக் குழந்தை உரித்த வாழைப்பழத்தை முழுசாகத் தன் முயலின் கூண்டுக்குள் திணிக்கப் போனது. அந்த வாசனையில் எனக்குக் கிரிவலப் பாதையில் இருந்த எங்கள் அடி அண்ணாமலை வீட்டு வாசல் நினைவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகள் அவை. கிரிவலம் வருகிறவர்கள் வழியில் பசுக்களுக்கு அகத்திக்கீரை கொடுத்த கையோடு வாசலில் கூண்டில் வளர்த்த எங்கள் முயல்களையும் விடமாட்டார்கள். வாழைப்பழம், முட்டைக்கோஸ், சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாம் கூண்டுக்குள் போகும். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் வெள்ளை முயல் வயிறு உப்பிச் செத்துக்கிடந்தது.

அதற்காக அம்மா யாரையும் விரட்டவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மடி நிறைய அருகம்புல்லோடு கூண்டருகே உட்கார்ந்துகொண்டாள். பழத்தை நீட்டுகிறவர்களிடம், "அத இப்படி குடுங்க. இந்தப் புல்லப் போடுங்க. நம்ம மலைப் புல்லு, புண்ணியம் ஜாஸ்தி" என்பாள். அவர்களும் புல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்தியோடு ஊட்டுவார்கள். பழமெல்லாம் எங்கள் வயிற்றுக்குப் போகும்.

"நெஜமாவே புண்ணியம் ஜாஸ்தியாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முயலு உசுரோட இருக்குதில்ல?" என்றாள்.

இப்போது கையிலிருந்த காய்கறிப் பையிலிருந்து கொத்தமல்லிக் காம்பு ஒன்றைக் கிள்ளி, குழந்தையிடம் நீட்டினேன்.

"அந்தப் பழத்த மாமாவுக்குக் குடு கண்ணு. இதப் போடு. புண்ணியம் ஜாஸ்தி."